ஸ்பிரிங் வந்தாச்சா? காதைக் கேளுங்க! – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே பாட்டு தான், "அக்கா இந்தக் குளிர் எப்போ தொலையும்". வழக்கமா சமையல், மாமியார், விசான்னு கலந்து கட்டி வரும், மார்ச் வந்தா மட்டும் எல்லாருக்கும் ஒரே கவலை. அதனால மத்ததை அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு பக்கத்தை முழுசா இதுக்கே குடுத்தாச்சு. சொல்றதெல்லாம் டொரண்டோ சுத்துவட்டாரத்தை வச்சு தான். வான்கூவர்காரங்க இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிடுங்க, உங்களுக்கு பிப்ரவரிலயே பூ பூத்துடும், உங்களோட எங்களுக்குப் பேச்சே இல்ல.

கேள்வி: அக்கா, கனடா வந்து எனக்கு இது முதல் விண்டர். போன மாசம் ஒருநாள் பன்னிரண்டு டிகிரி வந்தது, சனமெல்லாம் ரீசேட்டோட திரிஞ்சுது, நானும் ஜக்கெட்டை மடிச்சு உள்ள வச்சிட்டன். ரெண்டு நாளில திரும்ப ஸ்னோ கொட்டுது. உண்மையாவே ஸ்பிரிங் வந்திட்டுது எண்டு எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது? – ஸ்காபரோ, ரொறன்ரோ

பதில்: தம்பி, முதல்ல ஜாக்கெட்டை வெளிய எடுங்க. பிப்ரவரில வர்ற அந்த ஒரு நாள் சூடு சூரியன் குடுத்தது இல்ல, தெக்க அமெரிக்கா பக்கத்துலருந்து காத்து தள்ளிட்டு வந்தது, அதே காத்து திசை மாறி வடக்கருந்து அடிச்சா அன்னைக்கு ராத்திரியே மைனஸ் பத்துக்குப் போயிடும். கீழ மண்ணு உறைஞ்சே தான் கிடக்கும், அதுக்கு உங்க பன்னிரண்டு டிகிரி வந்ததும் தெரியாது போனதும் தெரியாது.

அதனால போன்ல டெம்பரேச்சரைப் பாக்கறதை விட்டுட்டு வெளிச்சத்தைப் பாருங்க. டிசம்பர் 21 அன்னைக்கு இங்க பகல் 9 மணி நேரம் கூட முழுசா இல்ல, உச்சி நேரத்துல சூரியன் அடிவானத்துலருந்து வெறும் 23 டிகிரி உயரம் தான் ஏறும். மார்ச் 20-க்கு அது 46 டிகிரி ஆயிடும், அதாவது ரெண்டு மடங்கு. அந்த சமயத்துல பகல் ஒரு நாளைக்கு 3 நிமிஷம் கூடிட்டே போகும், வாரத்துக்கு 20 நிமிஷம்னா சும்மா இல்ல. (யாழ்ப்பாணத்துல மார்கழி மாசத்து மத்தியான சூரியனே 57 டிகிரி உயரத்துல நிக்கும், அதனால இங்க மார்ச் மாச வெயில் உங்க கண்ணுக்கு சோகையா தெரிஞ்சா கண் டாக்டர்கிட்ட எல்லாம் போக வேணாம்.)

இதை நமக்கு முன்னாடி கண்டுபிடிக்கறது குருவிங்க தான். சிக்கடீன்னு ஒரு குட்டிக் குருவி, தலைல கறுப்புத் தொப்பி, கழுத்துல கறுப்புப் பட்டை, விண்டர் முழுக்க இங்கயே தான் இருக்கும். ஜனவரி பாதி தாண்டி வெளிச்சம் கூட ஆரம்பிச்சதும் அதுல ஆண் குருவி 'ஃபீ-பீ'ன்னு ரெண்டே சுரத்துல பாட ஆரம்பிக்கும், முதல் சுரம் மேல, ரெண்டாவது கொஞ்சம் கீழ. வெளிய மைனஸ் பதினஞ்சு இருந்தாலும் பாடும், ஏன்னா அதுக்குக் கணக்கு பகல் நீளம் தான், குளிர் இல்ல. பிப்ரவரில கார்டினல் சேந்துக்கும், அந்த சிவப்பு ஆளு மரத்து உச்சில உக்காந்துட்டு விசில் அடிக்கறது மூடின ஜன்னல் வழியாவே கேக்கும்.

இது ரெண்டும் இங்கயே இருக்கற ஆளுங்க, அதனால இதை முன்னோட்டம்னு வச்சுக்கங்க. வெளியூர்லருந்து திரும்பி வந்து கடையைத் திறக்கறது ரெட்-விங்டு பிளாக்பேர்டு. உடம்பெல்லாம் கறுப்பு, தோள்ல சிவப்புப் பட்டை, அதுக்குக் கீழ மஞ்சள் கோடு. மார்ச் ஆரம்பத்துல ஆணுங்க மட்டும் முதல்ல வந்து கோரை வளந்து கிடக்கற குட்டைங்கள்ல ஆளுக்கொரு இடம் பிடிச்சுட்டு, தொண்டை கிழிய ஒரு துருப்பிடிச்ச சத்தம் போடும், பொண்ணுங்க சில வாரம் கழிச்சு தான் வந்து எந்த இடம் நல்லா இருக்குன்னு பாக்கும். ஹைவே ஓரத்து மழைநீர்க் குட்டைலயே இதைக் கேக்கலாம், காட்டுக்குப் போகணும்னு அவசியம் இல்ல. அந்த சத்தம் கேட்டா ஸ்பிரிங் கிளம்பிடுச்சுன்னு அர்த்தம், வந்து சேர இன்னும் நாள் ஆகும்.

ராபின் பாத்தா ஸ்பிரிங்னு ஆபீஸ்ல சொல்வாங்க, நம்பாதீங்க. நிறைய ராபின் விண்டர் பூராவும் மரத்துல மிச்சம் இருக்கற பழத்தைத் தின்னுட்டு இங்கயே தான் இருக்கும், நாம தான் கவனிக்கறது இல்ல. அது புல்தரைல இறங்கி மண்புழுவை இழுத்தா மட்டும் கணக்குல எடுத்துக்கங்க, மண்ணு இளகினா தானே புழு மேல வரும்.

என் கணக்கு இது தான்: முதல்ல காது, அப்புறம் மூக்கு, கண்ணு கடைசி. பூவுக்காகக் காத்திருந்தா ரொம்ப நாள் காத்திருக்கணும்.

கேள்வி: என் பையன் ஸ்கூல்ல கிரவுண்ட்ஹாக் நிழலைப் பாத்துச்சு, இன்னும் ஆறு வாரம் குளிர்னு சொல்லிட்டு வந்தான். இதுல கொஞ்சமாவது நிஜம் இருக்கா? – மார்க்கம்

பதில்: இல்ல. கிரவுண்ட்ஹாக்னா விண்டர்ல பொந்துக்குள்ள தூங்கற ஒரு பிராணி, பிப்ரவரி 2 அன்னைக்கு அது வெளிய வந்து தன் நிழலைப் பாத்தா இன்னும் ஆறு வாரம் குளிர்னு இங்க ஒரு நம்பிக்கை. அன்னைக்கு வெயில் அடிச்சா நிழல் விழும், மேகமா இருந்தா விழாது, அவ்ளோ தான் விஷயம். நிழல் விழுந்தாலும் விழலன்னாலும் ஆறு வாரம் கழிச்சு மார்ச் நடுவுல டொரண்டோல குளிர் இருக்கத்தான் போகுது, எனக்கு நிழல் கூட வேணாம், இப்பவே எழுதித் தர்றேன். நம்ம ஒண்டாரியோவுக்கு வயார்ட்டன் ஊர் வில்லின்னு ஒரு வெள்ளை கிரவுண்ட்ஹாக் இருக்கு. 2021-ல வில்லி வெளிய வரவே இல்ல, ஒரு ரோமத் தொப்பியைத் தூக்கிப் போட்டு சீக்கிரம் ஸ்பிரிங் வரும்னு அறிவிச்சுட்டாங்க, அப்புறம் பாத்தா வில்லி முன்னாடியே செத்துப் போயிருந்துச்சாம். பையன்கிட்ட இதை மட்டும் சொல்லாதீங்க.

கேள்வி: பிள்ளை, என்ர கறிவேப்பிலைக் கண்டு யன்னலடியில நிக்குது. மார்கழியில இருந்து இலை கொட்டிக் கொட்டி இப்ப வெறும் தடி. மகன் தூக்கி எறியச் சொல்லி ஒற்றைக்கால்ல நிக்கிறான். செத்துப்போச்சோ, இல்லாட்டித் திரும்பத் துளிர்க்குமோ? வெளியில எப்ப வைக்கலாம்? – ஸ்காபரோ

பதில்: அம்மா, மகனைக் கொஞ்சம் பொறுத்துக்க சொல்லுங்க. தண்டுல நகத்தால லேசா சுரண்டிப் பாருங்க, தோலுக்கு அடில பச்சையா ஈரமா இருந்தா உயிர் இருக்கு. காஞ்சு பழுப்பா இருந்தா அந்தக் கிளை மட்டும் போச்சு, அப்படியே கீழ இறங்கி இறங்கி சுரண்டுங்க, அடித்தண்டுல பச்சை இருந்தாலே போதும், வந்துடும்.

இலை கொட்டறது நோய் இல்லம்மா. வெளிச்சம் கம்மி, ஹீட்டர் காத்து வறட்சி, ஜன்னல் கண்ணாடி பக்கத்துல சில்லுன்னு குளிர், இதெல்லாம் சேந்தா அது தூங்கப் போயிடும். தூங்கற செடிக்கு சாப்பாடு வேணாம், தண்ணியும் ரொம்ப வேணாம், ஆனா நாம என்ன பண்றோம்னா இலை கொட்டுதேன்னு பதறிப் போய் தினமும் ஊத்தறோம், வேர் அழுகிடுது. டொரண்டோல குளிர்ல செத்த கறிவேப்பிலையை விட பாசத்துல செத்தது தான் ஜாஸ்தின்னு நான் அடிச்சு சொல்வேன். மேல் மண்ணு ரெண்டு விரல் ஆழம் காஞ்ச பிறகு ஊத்துங்க போதும். இலை மிச்சம் இருந்தா அடிப்பக்கம் திருப்பிப் பாருங்க, பொடிசா நூலாம்படை மாதிரி இருந்தா செஞ்சிலந்தி, ஷவர்ல வச்சு நல்லா கழுவி விடுங்க.

மார்ச்ல தெக்குப் பக்க ஜன்னல்ல வெயில் உள்ள விழ ஆரம்பிக்கும்போது நுனில ஊசி முனை அளவுக்கு ஒரு பச்சை தெரியும். என்னைக் கேட்டா டொரண்டோ தமிழ் வீட்டுக்குள்ள வர்ற முதல் ஸ்பிரிங் அது தான், வெளிய பனி முட்டளவு கிடந்தாலும் சரி. அந்தத் துளிர் வந்த பிறகு தண்ணியைக் கொஞ்சம் கூட்டி, உரம் பாதி அளவு கரைச்சு ஊத்துங்க. புளிச்ச மோர் ஊத்தற நம்ம ஊர் வைத்தியம் எல்லாம் கோடைல வெளிய வச்ச பிறகு செஞ்சுக்கங்க, ஜன்னல் சாத்தின வீட்டுக்குள்ள ஊத்துனீங்கன்னா மகன் செடியை விட்டுட்டு உங்களைத் தான் வெளிய வைப்பார்.

வெளிய வைக்கறதுக்கு அவசரமே வேணாம். மே 25-க்கு முந்தி வர்ற திங்கக்கிழமை விக்டோரியா டே, இங்க தோட்டம் போடறவங்க எல்லாம் அந்த லாங் வீக்கெண்டைத் தான் கணக்கா வச்சிருக்காங்க, ஏன்னா உறைபனி மே முதல் பாதில கூட வந்து ஒரு ராத்திரில எல்லாத்தையும் கருக்கிடும். கறிவேப்பிலைக்கு அதையும் தாண்டி ராத்திரி டெம்பரேச்சர் 10 டிகிரிக்குக் கீழ போகாதுன்னு ஆன பிறகு, அநேகமா மே கடைசி இல்ல ஜூன் முதல் வாரம். வச்சதும் நேரா வெயில்ல நிறுத்தாதீங்க, ஒரு வாரம் நிழல்ல வச்சுப் பழக்குங்க, இல்லன்னா புது இலை வெளிறிக் கருகிடும்.

கத்தரி, மிளகாய் போடுவீங்கன்னா அதுக்கு இப்ப தான் நேரம்மா, மார்ச் கடைசில வீட்டுக்குள்ள விதை போட்டா தான் விக்டோரியா டேக்கு நடற பருவத்துல இருக்கும். பாவக்காய், புடலங்காய்க்கு ஏப்ரல் கடைசி போதும், அது கிடுகிடுன்னு கொடி விட்டு உங்க ஹால் பூரா படர்ந்துடும்.

கேள்வி: ஏனுங்க அக்கா, இன்ஸ்டால பாத்தா உங்கூரு பனி சொர்க்கமாட்டம் இருக்குது. அது போறதுக்கு எதுக்குங்க இத்தனை கொண்டாட்டம்? – கோயம்புத்தூர்

பதில்: அந்த ரீல்ஸ் எல்லாம் பனி விழுந்து முதல் ஒரு மணி நேரத்துல எடுத்ததுங்க. மார்ச் மாசத்துப் பனியை யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க. கடைங்க பார்க்கிங்ல மூணு மாசமா வண்டி வச்சுத் தள்ளித் தள்ளிக் குவிச்ச மலை ஒண்ணு நிக்கும், புகை, மண்ணு, உப்பு எல்லாம் கலந்து கன்னங்கரேல்னு, ஏப்ரல் பாதி வரைக்கும் கூட உருகாது. ஓரமா உருக உருக டிசம்பர்ல தொலைஞ்ச ஒத்தைக் கையுறை, காபி கப்பு, நாய் வளக்கற புண்ணியவான்கள் அள்ளாம விட்டதுன்னு ஒவ்வொண்ணா வெளிய வரும். புல்தரை பழுப்பா அமுங்கி, அங்கங்க சாம்பல் கலர்ல பூஞ்சை படர்ந்து கிடக்கும். ரோட்டுக்குப் போட்ட உப்பு பூட்ஸ்ல வெள்ளையா கோலம் போட்டிருக்கும் (வினிகரும் தண்ணியும் கலந்து துடைச்சா போகும், கேக்காமலே சொல்றேன்).

ரோடு வேற. பகல்ல உருகற தண்ணி தார்ல இருக்கற விரிசலுக்குள்ள இறங்கும், ராத்திரி உறையும், உறைஞ்சா தண்ணி 9 சதவீதம் பெருக்கும், தாரைப் பிளந்துடும், மறுநாள் லாரி ஏறினா குழி. இதே கூத்து தினமும் நடந்தா மார்ச் மாசம் காருக்கு எப்படி இருக்கும்னு பாத்துக்கங்க. ஊர்ல மழை முடிஞ்சா வர்ற குண்டும் குழியும் இங்க பனி முடிஞ்சா வரும்.

ஆனா இந்த அழுக்குக்கு நடுவுல ஒரு நாள் சாயங்காலம் கதவைத் திறந்தா மண் வாசனை வரும் பாருங்க, அதுக்குத் தான் இவ்ளோ கொண்டாட்டமும். உறைஞ்ச மண்ணுக்கு வாசனையே கிடையாதுங்க, டிசம்பர்லருந்து மூக்குக்கு வேலையே இருக்காது, குளிர் குளிரா காத்து மட்டும் தான் போகும் வரும். மண்ணு இளகினதும் அதுல இருக்கற நுண்ணுயிர்ங்க வேலையை ஆரம்பிச்சு ஜியோஸ்மின்னு ஒண்ணை வெளிய விடும், உங்கூருல முதல் மழைக்கு வர்ற வாசனைல இருக்கறதும் இதே சரக்கு தான். வித்தியாசம் என்னன்னா உங்களுக்கு வானத்துலருந்து விழுந்து வருது, எங்களுக்குக் கீழருந்து உருகி வருது.

மூக்குக்கு இன்னொரு அடையாளமும் இருக்கு, அதை யாரும் கவிதைல எழுத மாட்டாங்க. ஸ்கங்க்னு ஒரு பிராணி, கறுப்பு உடம்புல வெள்ளைக் கோடு, பயந்தா பின்னாடிலருந்து பீச்சி அடிக்கும், நாத்தம் தெருவையே தூக்கும். விண்டர்ல பொந்துக்குள்ள சுருண்டு கிடந்துட்டு பிப்ரவரி பாதிலருந்து ஜோடி தேடி வெளிய வரும், அப்போ ஆணு பொண்ணுகிட்ட அடி வாங்கும், கார்ல அடிபடும், நாய்கிட்ட மாட்டும். ராத்திரி பதினோரு மணிக்கு ரப்பரும் பூண்டும் சேந்து கருகின மாதிரி ஒரு நாத்தம் வந்தா மூக்கைப் பொத்திக்கிட்டு சந்தோஷப்படணும், அவ்ளோ தான்.

கேள்வி: எங்க வீட்டு வாசல்ல டாஃபடில் பூத்து நிக்குது. ஏரிக்கரையோரம் ஸ்காபரோ பிளஃப்ஸ் பக்கம் இருக்கற என் தங்கச்சி வீட்ல இன்னும் மொட்டு கூட வரல, நான் ஏதோ மந்திரம் பண்றேன்னு நினைக்கறா. ஒரே ஊர் தானே? – பிராம்ப்டன்

பதில்: ஏரி தாங்க காரணம், உங்க கைராசி இல்ல. ஒண்டாரியோ ஏரி சராசரியா 86 மீட்டர் ஆழம், அவ்ளோ தண்ணி விண்டர் பூரா குளிர்ந்து போய் ஏப்ரல் முடியற வரைக்கும் கூட மேல 4 டிகிரி கிட்ட தான் கிடக்கும். வெயில் அடிச்சு தரை சூடானதும் ஏரிலருந்து குளிர்ந்த காத்து கரைப்பக்கம் நுழையும், கரையோரத்துல ஸ்வெட்டர், அரை மணி நேரம் உள்ள தள்ளி வந்தா அரைக்கை சட்டை. ரேடியோல தினமும் 'ஏரிப்பக்கம் குளிர் கொஞ்சம் ஜாஸ்தி'ன்னு சொல்றது இது தான். தங்கச்சிக்கு சொல்லுங்க, அக்டோபர், நவம்பர்ல இதே ஏரி சூட்டைப் பிடிச்சு வச்சுக்கிட்டு அவங்க பக்கத்துக்கு முதல் உறைபனியைத் தள்ளிப் போடும், கணக்கு நேர் ஆயிடும். பூவை அவசரமா பாக்கணும்னா வீட்டு தெக்குச் சுவர் ஓரமா ஸ்னோடிராப் கிழங்கை செப்டம்பர், அக்டோபர்ல புதைச்சு வைக்கட்டும், பனி முழுசா போகறதுக்குள்ளயே வெள்ளையா தலையைத் தொங்கப் போட்டுட்டு வந்துடும்.

கேள்வி: இங்க மேப்பிள் மரத்துல ஓட்டை போட்டு வாளி தொங்க விட்டிருக்காங்க. மரம் செத்துடாதா? ஏன் மார்ச்ல மட்டும் பண்றாங்க? – ஒட்டாவா

பதில்: நம்ம ஊர் பனைல பதநீர் இறக்கிக் காய்ச்சி கருப்பட்டி பண்றோம்ல, அதே மாதிரி வேலை தான், ஆனா பதநீரை அப்படியே குடிச்சா இனிக்கும், இந்த மேப்பிள் தண்ணி வாயில வச்சா வெறும் தண்ணி, சர்க்கரை சும்மா 2 சதவீதம் இருந்தாலே பெருசு. அதனால 40 லிட்டர் காய்ச்சினா 1 லிட்டர் சிரப். பாட்டில் விலையைப் பாத்து இனிமே திட்டாதீங்க.

மார்ச் எதுக்குன்னா ராத்திரி மைனஸ் அஞ்சு, பகல்ல பிளஸ் அஞ்சு, இப்படி மேலயும் கீழயும் ஆடினா தான் அது ஓடும். மேப்பிள் கட்டைக்குள்ள இருக்கற நார்ல தண்ணிக்குப் பதிலா காத்து இருக்கும், ராத்திரி குளிர்ல அந்தக் காத்து சுருங்கி, ஓரத்துல ஐஸ் படிஞ்சு, கீழருந்து தண்ணியை உறிஞ்சிக்கும். பகல்ல ஐஸ் உருகி, அமுங்கிக் கிடந்த காத்து விரிஞ்சு தண்ணியைத் தள்ளும், ஓட்டை இருந்தா அது வழியா சொட்டும். ஓட்டை சுண்டு விரல் கூட நுழையாத அளவு தான், ஓரளவு பருத்த மரத்துல தான் போடுவாங்க, மரம் அதைத் தானே மூடிக்கும், வருஷா வருஷம் இடம் மாத்திப் போடுவாங்க. இந்த வேலையை வெள்ளைக்காரங்க வந்து கண்டுபிடிக்கல, அனிஷினாபே, ஹோடெனோஷோனி மாதிரி இந்த மண்ணோட பூர்வகுடி மக்கள் அதுக்கு முன்னாடிலருந்தே பண்ணிட்டு இருந்தது.

இதுல ஒரு வேடிக்கை, ஊரே ஸ்பிரிங் எப்போ எப்போன்னு தவிக்கும்போது சிரப் காய்ச்சறவங்க மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வராம இருக்கட்டும்னு வேண்டிக்குவாங்க, மொட்டு பருத்துடுச்சுன்னா சாறோட ருசி கெட்டுடும், கடையைக் கட்ட வேண்டியது தான்.

கேள்வி: மார்ச் ஆகியும் படுக்கையை விட்டு எழுந்திரிக்க மனசே வரல. எதுலயும் பிடிப்பு இல்ல, சோறு மட்டும் ஜாஸ்தி இறங்குது. வீட்டுக்காரர் சோம்பேறித்தனம்னு சொல்றார். – பேர் ஊர் வேணாம்

பதில்: தங்கச்சி, இதுக்கு மருத்துவத்துலயே பேர் இருக்கு, நார்மன் ரோசந்தால்னு ஒரு மனநல மருத்துவர் 1984-லயே தன் குழுவோட இதை விவரிச்சு எழுதிட்டார், சீசனல் அஃபெக்டிவ் டிஸார்டர், அதாவது விண்டர்ல வெளிச்சம் குறையறதால வர்ற மனச்சோர்வு. தூக்கம் ஜாஸ்தி, மாவுச்சத்து சாப்பாட்டு மேல ஆசை, நீங்க சொன்னது அப்படியே அதோட லட்சணம். வீட்டுக்காரர் கண்ணுல படற மாதிரி இந்தப் பக்கத்தை மடிச்சு வைங்க.

காலைல எழுந்ததும் அரை மணி நேரம் வெளிய நடங்க, மேகமா இருந்தாலும் பரவால்ல, மூடம் போட்ட வானத்து வெளிச்சம் கூட வீட்டு லைட்டை விடப் பல மடங்கு ஜாஸ்தி. மருந்துக் கடைல 10,000 லக்ஸ் லைட் பாக்ஸ் கிடைக்கும், காலைல அரை மணி நேரம் அது முன்னாடி உக்காரலாம், கண்ணுல ஏதாவது பிரச்சினை இருந்தா, மனநலத்துக்கு ஏற்கனவே மாத்திரை எடுத்தா டாக்டரைக் கேக்காம வேணாம். நவம்பர்லருந்து பிப்ரவரி வரைக்கும் இங்க வெயில்ல நின்னாலும் தோல்ல வைட்டமின் டி உருவாகறது கிட்டத்தட்ட இல்லவே இல்ல, நம்ம நிறத்துக்கு இன்னும் கூடுதல் வெயில் வேணும், அதையும் ரத்த டெஸ்ட்டுல பாத்துக்கங்க. மார்ச் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை மணியை வேற ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைக்கறாங்க, காலைல திரும்ப இருட்டாயிடும், அந்த வாரம் எல்லாருக்குமே கஷ்டமா தான் இருக்கும். ஏப்ரல் வந்தும் இப்படியே இருந்தாலோ, வாழவே பிடிக்கலன்னு ஒரு தடவை தோணினாலோ அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க, காத்திருக்காதீங்க.

கேள்வி: பசங்களுக்கு ஸ்பிரிங் காட்டணும், காசு செலவில்லாம. எங்க கூட்டிட்டுப் போகலாம்? – பிக்கரிங்

பதில்: பக்கத்துலயே ரூஜ் பார்க்கை வச்சுக்கிட்டு கேக்கறீங்களே! 2015-லருந்து தேசிய நகரப் பூங்கா, நுழைவு இலவசம். மார்ச் கடைசி, ஏப்ரல்ல மழை பெஞ்ச வெதுவெதுப்பான சாயங்காலம் போங்க. காட்டுக் குட்டைப் பக்கம் வாத்துக் கூட்டம் கத்தற மாதிரி கேக்கும், போய்ப் பாத்தா வாத்து இருக்காது, அது உட் ஃபிராக்னு ஒரு காட்டுத் தவளை. இந்தத் தவளை விண்டர்ல இலைச்சருகுக்கு அடில கிடந்து நிஜமாவே உறைஞ்சு போயிடும், உடம்புத் தண்ணில மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் ஐஸ் ஆயிடும், இதயம் நின்னுடும், மூச்சும் கிடையாது. கல்லீரல்லருந்து சர்க்கரையை ரத்தத்துல கொட்டி செல்லுக்குள்ள ஐஸ் போகாம காப்பாத்திக்கும். பனி உருகினா இதயம் திரும்ப அடிக்கும், ஒரு நாள்ல எந்திரிச்சுக் குட்டைக்குப் போய் கல்யாண வேலையைப் பாக்கும். பசங்களுக்கு இதைச் சொன்னா அப்புறம் போன் கேக்க மாட்டாங்க, ஒரு பத்து நிமிஷத்துக்காவது. கூடவே கீச்சுன்னு காதைக் குத்தற கூட்டுச் சத்தம் கேட்டா அது ஸ்பிரிங் பீப்பர், கட்டைவிரல் அளவு கூட இல்லாத குட்டித் தவளை.

ஏப்ரல் கடைசில, மே மாசம் காட்டுத் தரைல மூணு இதழ் வெள்ளைப் பூ விரிச்சுக் கிடக்கும், டிரில்லியம், 1937-லருந்து ஒண்டாரியோவோட மாகாணப் பூ. பறிக்க விடாதீங்க, அந்தச் செடி விதைலருந்து வந்து முதல் பூ பூக்கவே ஏழெட்டு வருஷத்துக்கு மேல ஆகும். டெம்பரேச்சர் 4 டிகிரி தாண்டினாலே உண்ணி நடமாட ஆரம்பிக்கும், லைம் நோய் பரப்பற ரகமும் அங்க இருக்கு, பேன்ட்டை சாக்ஸுக்குள்ள விட்டுக்கங்க, வீட்டுக்கு வந்ததும் பசங்க முட்டிக்குப் பின்னாடி, காதுக்குப் பின்னாடி எல்லாம் பாருங்க.

கேள்வி: ஹை பார்க் செர்ரி பூ எப்போ? – நார்த் யார்க்

பதில்: ஏப்ரல் கடைசி, இல்லன்னா மே முதல் வாரம், ஒவ்வொரு வருஷமும் மாறும். 1959-ல ஜப்பான் தூதர் டோக்கியோ மக்கள் சார்பா 2,000 மரம் குடுத்தாங்க, இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் இடம் பெயர்ந்து வந்த ஜப்பானிய கனடியர்களை இந்த ஊர் ஏத்துக்கிட்டதுக்கு நன்றியா. கார்ல போகாதீங்க, பூ சமயத்துல உள்ள விட மாட்டாங்க, சப்வேல ஹை பார்க் ஸ்டேஷன். காலைல ஏழு மணிக்கு முன்னாடி போனா பூவைப் பாக்கலாம், பத்து மணிக்குப் போனா செல்ஃபி ஸ்டிக்கைப் பாக்கலாம்.

கேள்வி: விண்டர் டயரை எப்போ கழட்டலாம்? ஏப்ரல் 1? – ஏஜாக்ஸ்

பதில்: தேதியை வச்சுக் கழட்டாதீங்க. காலைல நீங்க வண்டி எடுக்கற நேரத்து டெம்பரேச்சர் தொடர்ந்து 7 டிகிரிக்கு மேல இருக்கணும், அது அநேகமா ஏப்ரல் கடைசி. 2018-ல சித்திரை வருஷப்பிறப்பு அன்னைக்கு, ஏப்ரல் 14, ஐஸ் மழை கொட்டினது ஞாபகம் இருக்கா? ரெண்டு நாள் கழிச்சு சிஎன் டவர்லருந்து விழுந்த ஐஸ் பக்கத்துல இருக்கற ரோஜர்ஸ் சென்டர் ஸ்டேடியம் கூரையை ஓட்டை போட்டு புளூ ஜேஸ் பேஸ்பால் மேட்சையே தள்ளி வச்சாங்க. கோயிலுக்குப் பட்டுப் புடவையும் பூட்ஸுமா போன வருஷப்பிறப்பு அது.

கேள்வி: அம்மா அப்பா மதுரைலருந்து முதல் தடவை வர்றாங்க. ஏப்ரல் 10 டிக்கெட் ரொம்ப சீப்பா கிடைக்குது, போட்டுடவா? – மிசிசாகா

பதில்: ஏன் சீப்பா கிடைக்குதுன்னு மேல எல்லாத்தையும் படிச்சீங்கன்னா தெரியும். ஏப்ரல் 10-க்கு வந்தா மரம் எல்லாம் மொட்டைக் கம்பா நிக்கும், தரை சேறு, அம்மா ஜன்னல்கிட்ட உக்காந்துட்டு "இங்க மனுஷங்களே இல்லையாடா"ன்னு கேப்பாங்க, ஒரு வாரத்துல ரிட்டர்ன் டிக்கெட்டைப் பத்திப் பேச்சு வரும். ஜூலைக்கு வந்தாலும் எனக்கு சம்மதம் இல்ல, வெயிலையும் புழுக்கத்தையும் பாக்க மதுரைலருந்து பிளைட் ஏறி வரணுமா? மே முதல் வாரத்துக்குப் போடுங்க. அப்போ தான் வெறும் கிளைல இளம்பச்சை வந்து பத்துப் பதினஞ்சு நாள்ல தெருவே நிழலாகறதை அவங்க கண்ணு முன்னாடி பாப்பாங்க, வருஷம் பூரா வேப்பமரம் பச்சையா நிக்கற ஊர்லருந்து வர்றவங்களுக்கு இது புதுசு. கத்தரி நாத்து நட அம்மா கை இருந்தா உங்களுக்கும் நல்லது. ஆனா மே முதல் வாரம் விடியக்காலைல அஞ்சாறு டிகிரி தான் இருக்கும், அப்பா வேட்டி சட்டையோட தான் ஏர்போர்ட்ல இறங்குவேன்னு அடம் பிடிச்சார்னா உள்ள ஒரு தெர்மல் பேன்ட்டை மாட்டி விட சொல்லுங்க, யாருக்கும் தெரியாது.